சேனை வைக்க வந்த மாமன்

சிங்கப்பூரில் கிராஞ்சி பக்கம் ஒரு மீன் பண்ணையில் எனக்கு வேலை. தின்கிற மீன் இல்லை. பார்க்கிற மீன். கப்பி, தங்க மீன், இன்னும் பேர் தெரியாத வகை எத்தனையோ. சிமெண்டுத் தொட்டியில் வளர்ப்போம். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, வாயை ரப்பர் பேண்டால் முறுக்கிக் கட்டி, வெள்ளை நுரைப் பெட்டியில் அடுக்கி விமானத்துக்கு அனுப்புவோம். எந்த ஊருக்குப் போகிறது என்று நான் கேட்டதில்லை.

படிப்பு பிரைமரி பள்ளிக்கூடத்தோடு சரி. பெரிய பரீட்சையில் விழுந்தேன். மறுபடி எழுதவில்லை. பேச்சும் அவ்வளவாக வராது. இதை வாயால் சொல்லச் சொன்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பண்ணையில் மருந்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. தொட்டியில் மீன் நெருக்கமாகக் கிடக்கும். ஒன்றுக்கு வால் அரித்தால் மறுநாள் எல்லாவற்றுக்கும் அரிக்கும். பையில் அடைத்த மீன் வழியில் செத்தால், வாங்கியவன் படம் எடுத்து அனுப்புவான். முதலாளி, தவுக்கே என்போம், கத்துவார். அதனால் நோய் வந்தாலும் மருந்து, வராமல் இருக்கவும் மருந்து. மஞ்சள் பொடி ஒன்று. தண்ணீர் மூத்திர நிறத்துக்கு வரும். டின்னில் வரும் வெள்ளைப் பொடி இன்னொன்று. ஒரு பொடி கேட்காமல் போனால் அடுத்தது. அதுவும் கேட்காவிட்டால் இரண்டையும் சேர்த்து. தவுக்கே என்னோடு மலாயில்தான் பேசுவார். "தம்பா லா," என்பார். இன்னும் போடு என்று அர்த்தம். போடுவேன்.

எங்களுக்குக் கை கீறினாலும் அந்தப் பொடிதான். பண்ணையில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். முள் குத்தும், கண்ணாடி கிழிக்கும். பொடியைத் தூவி, டேப் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். என்னோடு தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார். கூலி வேலைக்கு வந்து பண்ணையில் நிலைத்தவர். அவர்தான் சொல்வார்.

"மீனுக்கே கேக்குதுண்ணே. நமக்குக் கேக்காதா?"

போன வருஷக் கடைசியில் என் வலது கை ஆள்காட்டி விரலில் முள் ஏறியது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்த மீனின் முதுகு முள். வழக்கம்போலப் பொடி வைத்தேன். டேப் சுற்றினேன். அந்த வாரத்துக்குள் விரல் வெண்டைக்காய் போய் கத்தரிக்காய் ஆனது. பாலிகிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் கேட்கவில்லை. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டிப் போனபோது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முதலில் என்னைப் பலர் இருக்கும் வார்டில்தான் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். அவர் மகள் எனக்கும் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுப்பாள். ஒரு நாள் மத்தியானம் தாதி ஒருத்தி வந்து, "அங்கிள், வேற ரூமுக்குப் போறோம்," என்றாள். அவள் மஞ்சள் அங்கி போட்டிருந்தாள். கையுறை போட்டிருந்தாள். காலையில் வெறுங்கையோடு வந்தவள்தான். என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மகள் உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை. நான் போன பிறகு அந்த இடத்தைத் துடைக்க வாளியோடு ஆள் வருவது தெரிந்தது.

தனி அறை. உள்ளே வருகிற எல்லோரும் அங்கி போட்டுக்கொண்டு வந்தார்கள். போகும்போது கழற்றிக் குப்பையில் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்க வந்த ஆளும் அப்படித்தான். பிறகு தாதி ஒரு நீளப் பஞ்சுக் குச்சியோடு வந்தாள். "அங்கிள், அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க," என்றாள். எதற்கு என்று சொன்னாள். வயிற்றுக்குள் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். என் தங்கச்சியை விடச் சின்னப் பெண். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். 

டாக்டர் தமிழ்ப் பெண். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"அங்கிள், உங்க விரல்ல இருக்கிற கிருமி தண்ணியில வாழ்றது. நாங்க சாதாரணமா குடுக்கிற ஆண்டிபயாட்டிக் எதுவும் அதுக்கு வேல செய்யல. கடைசியா வச்சிருக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அத ஊசியில ஏத்துறோம். கேக்கும்னு நெனைக்கிறேன்."

"விரல எடுக்கணுமா?"

"பாப்போம். இன்னொண்ணு. வயித்துல பாத்தோம்ல, அங்கயும் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கு. அது வேற கிருமி. ஆனா ரெண்டுக்கும் ஒரே வித்த தெரியுது."

எனக்குப் புரியவில்லை. அவருக்கு அது தெரிந்தது.

"கிருமிக்குள்ள ஒரு சின்னத் துண்டு இருக்கும் அங்கிள். மருந்து வந்தா எப்படித் தப்பிக்கிறதுங்கிறது அதுல இருக்கும். மரபணுன்னு சொல்வாங்க. அந்தத் துண்ட ஒரு கிருமி பக்கத்துல இருக்கிற கிருமிக்குக் குடுத்துரும். வீட்டுச் சாவிய நகல் எடுத்துக் குடுக்கிற மாதிரி. ரெண்டும் ஒரே வகைக் கிருமியா இருக்கணும்னு கூட இல்ல. நீங்க எங்க வேல பாக்கிறீங்க?"

சொன்னேன். பொடியைப் பற்றியும் சொன்னேன். காயத்தில் வைத்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"மீன்ல இருந்துதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா தெனமும் மருந்து ஊத்துற தண்ணியில, மருந்துக்குச் சாகாததுதான் மிஞ்சும். அதுல தெனமும் நீங்க கை விடுறீங்க."

வயிற்றில் இருப்பதற்கு மருந்து இல்லையாம். அது தானாகப் போனால்தான் உண்டு. போகாமலும் இருக்கலாம். எனக்கு அதனால் ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், எல்லோரோடும் இருக்கலாம் என்றார். நோயாளிகள், சின்னக் குழந்தைகள் என்றால் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்கச் சொன்னார். குறை மாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் அந்த வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றார்.

தலையாட்டினேன். என் தங்கச்சிக்குக் குறை மாதத்தில் பிறந்த ஆண் பிள்ளை அந்த நேரம் வேறொரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான்.

அப்பா அம்மா போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கவில்லை. இது தங்கியது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளிடம் சொல்லவில்லை. மலேசியாப் பக்கம் ஜொகூரில் பண்ணை வேலை, வர முடியாது என்று சொன்னேன். அவள் பிள்ளையைப் பற்றியே பேசினாள். எடை ஏறிவிட்டது என்பாள். இன்றைக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்பாள். நான் சரி, சரி என்பேன். இந்த நேரத்தில் அவளுக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. குண்டியில் குச்சி விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த ஒன்றை ஒரு அண்ணன் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வான்?

விரல் தப்பித்தது. நுனி மட்டும் மடங்காது. வீட்டுக்கு வந்தேன். ஆங் மோ கியோவில் வாடகை வீடு, ஓர் அறை. வேலைக்குத் திரும்பினேன்.

டாக்டர் சொன்னது ஒன்று, என் மனசு எடுத்துக்கொண்டது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நானும் தஞ்சாவூர்க்காரரும் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுவது வழக்கம். இலை போட்டார்கள். நான் கரண்டி கேட்டேன். பரிமாறுகிறவன் என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, வெள்ளக்காரனாயிட்டீங்க?" என்றார் தஞ்சாவூர்க்காரர்.

"விரல் வலிக்குது."

"ரசத்தயும் கரண்டியிலயா? சாமி மன்னிக்காது."

சிரித்தார். அவர் அப்பளத்தை உடைத்துப் பாதியை என் இலையில் வைக்க வந்தார். நான் இலையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம பேரு வைக்கிறோம். சேனையும் அன்னைக்குத்தான். நீதான் வைக்கணும்."

பிறந்த பிள்ளைக்கு யாராவது பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைப்பது எங்களில் வழக்கம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

"ஆஸ்பத்திரியிலயே வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றேன்.

"அங்க எங்க விட்டாங்க? நானே முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் தொட்டேன்."

"ஒன் மாமியார வைக்கச் சொல்லு."

"ஏன், நீ யாரு? தாய்மாமன்தானே?"

அவள் மாமியார் போனை வாங்கினார். நல்ல மனுஷி. எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

"தம்பி, பேசாத மாமன் வச்சா புள்ளையும் பேசாமக் கெடப்பானோன்னு பயமாத்தான் இருக்கு. பரவால்ல, நீங்களே வைங்க. இந்த வீட்டுல பேசுறவங்க ஜாஸ்தி."

சரி என்றேன். சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் வெள்ளிக் காப்பும், சேனைக்கு ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணமும் வாங்கினேன். கடைப் பெண் காப்பை வெல்வெட்டுத் துணியில் வைத்து நீட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு இது, அது என்று தாடையால் காட்டினேன். "தொட்டுப் பாருங்க அங்கிள், கடிக்காது," என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தொடவில்லை. பெட்டியில் போட்டுத் தரச் சொன்னேன்.

ஒரு யோசனை செய்து வைத்திருந்தேன். விரல் ஆறிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு போனேன். காயம் ஆறவில்லை, வேறு யாராவது வையுங்கள் என்று சொல்லிவிடலாம். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. அப்படி நினைத்தேன்.

தெம்பனிஸில் தங்கச்சி வீடு. ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் தொட்டில். பிள்ளை அதில் கையை மடக்கிக்கொண்டு தூங்கினான். என் உள்ளங்கையை விட முகம் சின்னது. நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தேன்.

தொட்டிலுக்குப் பக்கத்தில், சன்னல் ஓரம், கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்கள். நான் கொடுத்தவை. தங்கச்சி பிள்ளையைச் சுமந்தபோது எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று பண்ணையிலிருந்து நானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். நன்றாகப் பெருகியிருந்தன. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவ்வளவு மந்த புத்தி எனக்கு. என் வயிற்றையும் விரலையுமே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தொட்டி ஞாபகத்துக்கே வரவில்லை.

மாப்பிள்ளை கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணி கலந்து கொண்டுவந்தார். நான் துணி சுற்றிய விரலைக் காட்டினேன்.

"காயம் ஆறல மாப்ள. அத்தைய வைக்கச் சொல்லுங்க."

"ஒரு வெரல்தானே தம்பி?" என்றார் மாமியார். "ஆண்டவன் பத்து குடுத்திருக்கான்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சோபாவில் இருந்த ஒரு பெரியவர், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, "மாமன் மொறைக்கு ஏதோ கொறையாம் போலருக்கு. அதான் பிகு பண்றாரு," என்றார். தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அழைத்த விதத்தில் ஏதோ கோபம், அதனால் நான் மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால் நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். கிருமிக்காரன் என்பதைவிடக் கோபக்காரன் என்பது மேல்.

"இருங்க, இருங்க. நல்ல நாளும் அதுவுமா இது வேற," என்று மாமியார் சன்னல் பக்கம் போனார். தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தது. வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டு அதை எடுத்தார். குப்பைக் கூடையில் போட்டார். கையைச் சேலை முந்தானையில் துடைத்தார். அதே நடையில் தொட்டிலுக்குப் போய்க் குனிந்தார். "வாடா ராஜா, மாமன் மாட்டேங்குறான், அப்பத்தாவே வைக்கிறேன்," என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"அத்தை, கை கழுவுங்க," என்றேன்.

நான் சத்தமாகப் பேசுவதில்லை. அன்றைக்கு வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"காலையிலயே குளிச்சுட்டேன் தம்பி."

"இப்ப கழுவுங்க. சோப்பு போட்டு. புள்ளையத் தொடாதீங்க."

அவர் கை அப்படியே நின்றது. சித்தப்பா சோபாவில் சாய்ந்தபடி சொன்னார். "மீன் கழுவுறவரு நமக்குச் சுத்தம் சொல்லிக் குடுக்கிறாரு லா."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான், என்ன விஷயம்?" என்றார்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"என் வெரல்ல பூந்த கிருமிக்கு மருந்து கேக்கல. கடைசி மருந்த ஏத்தி அடக்குனாங்க. மருந்துக்கு அடங்காதது என் வயித்துலயும் இருக்கு. ஆஸ்பத்திரி ஆளுங்க அங்கி போட்டுட்டுத்தான் எங்கிட்ட வந்தாங்க. மீன் தண்ணியில இருந்து வந்திருக்கும்ங்கிறாங்க. இந்தத் தொட்டி மீனும் அங்க இருந்து வந்ததுதான். நாந்தான் குடுத்தேன்."

 சித்தப்பா பாயில் வைத்திருந்த காலை மேலே தூக்கிக்கொண்டார். தங்கச்சி எழுந்து வந்தாள். பிள்ளையைத் தூக்கப் போனவள் நின்றாள். சமையலறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து தூக்கினாள். உள் அறைக்குப் போகும்போது என்னைப் பார்த்தாள்.

"ஜொகூர்ல வேலன்னு சொன்னியே."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தத் தொட்டிய அவன் வர்றதுக்கு முன்னாடியே எடுத்திருப்பேன்ல."

"வெக்கமா இருந்துச்சு."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். பிள்ளையைப் பார்த்த டாக்டரைப் பிடிக்க முயன்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். தொட்டியை எடுத்துவிடுகிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மீன்களை ஒரு பையில் பிடித்துக் கட்டினேன். என் கைக்கு அது ஒரு நொடி வேலை. அந்த வேகத்தைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைக் குளியலறைக்குத் தூக்கிப் போய்க் கழிப்பறையில் ஊற்றினேன். பின்னாலேயே மாமியார் வந்தார். கையில் பிளீச் புட்டி.

"இத எப்படி ஊத்தணும்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் கை இரண்டும் சிவந்திருந்தது. அவ்வளவு தேய்த்துக் கழுவியிருக்கிறார். கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, அவ ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சா. மீனுக்கு நாந்தான் தெனம் தீனி போட்டேன். தண்ணி மாத்தினேன். அந்தத் தண்ணிய சிங்க்குலதான் ஊத்துவேன். அங்கதான் அவன் பால் புட்டியக் கழுவுவேன். யாரும் சொல்லலயே எனக்கு."

 பிளீச் நெடியில் அவருக்குக் கண் கலங்கியது. நெடிதானா என்று தெரியவில்லை. "அவகிட்ட சொல்லாதீங்க," என்றார். பிறகு, "இல்ல, நானே சொல்லிடறேன்," என்றார். அரை நிமிஷத்தில் அவர் செய்ததை நான் வாரக்கணக்கில் செய்யவில்லை.

அன்றைக்கு யாரும் சேனை வைக்கவில்லை. காதில் பேர் சொல்லி முடித்துக்கொண்டார்கள். நான் சாப்பிடவில்லை. தொட்டியைத் துணியில் சுற்றி ஒரு கையிலும், மீன் பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன். தங்கச்சி கதவு வரை வந்தாள்.

"வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்க?"

லிஃப்ட் வந்தது. நான் ஏறவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்கு எண்ணத் தெரியவில்லை.

பேச வராதவனுக்கு மீன்தான் பேச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகமாட்டேன். ஒரு பை மீன் கொண்டுபோவேன். பிள்ளைகள் ஓடிவரும். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கீழ் மாடி மலாய்க் குடும்பம். காப்பிக் கடைக்காரர். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பூக்கட்டும் அம்மா. நல்ல மீன், பையில் மருந்து கலந்த தண்ணி, எளிதில் சாகாது என்று பெருமையாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி வீட்டு மீனைப் பண்ணைக்குக் கொண்டுபோய் ஐஸில் போட்டேன். சீக்கு மீனுக்கு அங்கே அதுதான் வழக்கம். பிறகு ஒவ்வொரு கதவாகப் போனேன். கீழ் மாடி மலாய் அக்கா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். என் கையில் பை இருக்கிறதா என்று பார்த்தார். மீனைத் திருப்பிக் கேட்கிறேன் என்று புரிய அவருக்கு நேரம் பிடித்தது. ஏன் என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன். அவர் சின்ன மகள் தொட்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளை இழுத்துக் கை கழுவக் கூட்டிப் போனார். பூக்கட்டும் அம்மா நான் சொன்னதைக் கேட்டு முடித்தார். கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தார். "குடுக்கும்போது எவ்வளவு நல்லாச் சொன்னீங்க," என்றார். அவ்வளவுதான். காப்பிக் கடைக்காரர், என் மீன்கள் எப்போதோ செத்துவிட்டன என்றார். வடிகாலில் கொட்டினாராம்.

பிள்ளையைச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை தங்கச்சி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பண்ணையில் பை கட்டும்போது போன் அதிர்ந்தால் ரப்பர் பேண்ட் கைநழுவும். கடைசியில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வரி வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. கிருமி இல்லை. தொட்டிகளுக்கு நடுவில் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தஞ்சாவூர்க்காரர் ஓடிவந்தார். அவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கை நிறையப் பழைய கீறல்.

"அப்ப எனக்கும் இருக்குமாண்ணே?"

"தெரியல."

"அன்னைக்கு அப்பளம் வச்சப்ப எலைய இழுத்தீங்களே, அதுக்குத்தானா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல. நான் வேற என்னென்னமோ நெனச்சேன்."

மாமியாருக்குச் சோதித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தவுக்கேயிடமும் சொன்னேன். அவர் என் விரலைப் பார்த்தார். கையுறை வாங்கி வைத்தார். பொடியைப் பற்றிச் சொன்னபோது, எல்லாப் பண்ணையிலும் இப்படித்தான் என்றார். அவர் பார்க்காதபோது ஒரு தொட்டிக்கு மருந்து போடாமல் விட்டுப் பார்த்தேன். அந்த வாரமே கப்பி மொத்தமும் வயிறு மேலாக மிதந்தது. இவ்வளவு நெருக்கத்தில் மருந்து இல்லாமல் அவை வாழாது. மறுநாளிலிருந்து பழையபடி ஊற்றுகிறேன். இந்த வயசில் எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தத் தண்ணீர் பைக்குப் பையாக விமானம் ஏறுகிறது. திறக்கிற வீட்டில் பிள்ளை இருக்குமா, கிழவர் இருப்பாரா, யார் கையை விடுவார்கள் என்று இப்போது ஒவ்வொரு பை கட்டும்போதும் தோன்றுகிறது. தோன்றுகிறது, கட்டுகிறேன். இரண்டும் நடக்கிறது. இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

விரலைக் காட்டப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். வயிற்றில் இருப்பது போய்விட்டதா என்று. இன்னும் இருக்கிறது என்றார். பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்குங்கள் என்றார். மடியில் வைக்கலாமா என்றேன். வைக்கலாம் என்றார். நம்பாமல் மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாக மறுபடி சொன்னார்.

தங்கச்சி போன வாரம் கூப்பிட்டாள். நடுவில் அவள் கூப்பிட்டது குறைவு. கூப்பிட்டாலும் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொல்லி வைத்துவிடுவாள். இந்தத் தடவை வைக்கவில்லை.

"காது குத்துறோம்ணே. மாமன் மடியிலதான் ஒக்கார வைக்கணுமாம். அத்தைதான் சொல்லச் சொன்னாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"மடியில கிருமி இருக்காதுல்ல?" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா தெரியவில்லை. பின்னால் பிள்ளையின் சத்தம் கேட்டது. நல்ல சத்தம்.

எனக்குப் பதில் தெரியும். டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு வாங்கிய பதில். ஆனாலும் என் மடியை எனக்கே நம்ப வரவில்லை.

"கேட்டுச் சொல்றேன்," என்றேன்.